அமெரிக்காவுக்குக் காய்ச்சல்

அமெரிக்காவுக்குக் காய்ச்சல் என்று காலை ஒன்பது மணிக்குத்தான் தெரிந்தது. பத்து மணிக்குப் பேச்சுவார்த்தை.

கிருஷ்ணன்கோவில் பக்கத்தில் உள்ள ஒரு கல்லூரி அது. மாணவர்கள் ஆளுக்கொரு நாடாக உட்கார்ந்து, விவசாயப் பொருள்களுக்கான வரி, மானியம் பற்றியெல்லாம் வாதாடி, கடைசியில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் மாதிரிக் கூட்டத்துக்கு ஏற்பாடாகியிருந்தது. இந்தியா வந்துவிட்டது. பிரேசில் இரண்டு பேராகவே வந்துவிட்டது. அமெரிக்காவாக உட்கார வேண்டிய கௌதம்ராஜைத்தான் காணோம்.

கல்லூரி பஸ் டிரைவர் சோலைராஜ் கேண்டீனில் இரண்டாவது வடையில் இருந்தபோது, பேராசிரியை ஜெயசித்ரா மூச்சிரைக்க வந்தார்.

"அண்ணே, செத்த நேரம் நீங்க அமெரிக்காவா உட்காரணும்."

"எங்க மேடம்?"

"செமினார் ஹால்ல. பேப்பர்ல இருக்கிறதை வாசிச்சாப் போதும். கௌதம்ராஜே மெசேஜ் போட்டிருக்கான். 'எங்க ஊரு டிரைவர் மாமா நல்லாப் பேசுவாரு, அவரை உட்கார வைங்க'ன்னு."

சோலைராஜுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவர் நன்றாகப் பேசுவார் என்று ஐம்பது வயதில் முதல் தடவையாக ஒருவன் சொல்லியிருக்கிறான். மனைவி முனீஸ்வரிகூடச் சொன்னதில்லை. காக்கிச் சட்டைக்கு மேல் யாருடைய கோட்டையோ மாட்டிக்கொண்டு போய் அமெரிக்காவாக உட்கார்ந்தார்.

"இந்தியா பருத்திக்குப் போட்டிருக்கும் இறக்குமதி வரியை நீக்க வேண்டும். விவசாயிகளுக்குத் தரும் மானியங்களைக் குறைக்க வேண்டும்" என்று கணீரென்று வாசித்தார். வாசித்து முடித்த பிறகுதான், சொந்த ஊரான சுந்தரபாண்டியத்தில் தனக்கு இரண்டு ஏக்கர் பருத்தி நிற்பது ஞாபகம் வந்தது.

"மேடம், அமெரிக்காவுல விவசாயிக்கு மானியம் கிடையாதா?"

"நிறைய உண்டுண்ணே."

"அப்ப நம்மளை மட்டும் எதுக்குக் குடுக்கக் கூடாதுங்காவ?"

"உலக வர்த்தக விதிப்படி அவங்க மானியத்துல முக்கால்வாசி பச்சைப் பெட்டியில இருக்கு. அதைத் தொட வேண்டாம். நம்மளது மஞ்சள் பெட்டி. அதைத்தான் குறைக்கணும்."

சோலைராஜ் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். பெட்டி எதுவும் இல்லை.

"பெட்டிக்கு யாரு மேடம் பெயிண்ட் அடிச்சது?"

"எல்லா நாடும் சேர்ந்துதான். ஆனா பிரஷ் அவங்க கையில இருந்துச்சு."

இந்தியாவாக இருந்த பையனுக்குப் பசி. கேட்டதற்கெல்லாம் சரி என்றான். கையெழுத்து, கைகுலுக்கல், போட்டோ எல்லாம் பன்னிரண்டரைக்குள் முடிந்தன.

சாயங்காலம் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஊருக்குள் நுழைவதற்குள் போட்டோ அவரை முந்திக்கொண்டு போய்விட்டது. 'பருத்தி வரி நீக்கம், மானியக் குறைப்பு: சோலைராஜ் கையெழுத்து' என்று அடியில் எழுதியிருந்தது.

வேறு நாளாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஊர் உழவர் குழுவுக்கு வெள்ளிக்கிழமை மானிய விலையில் ஒரு பவர் வீடர் வருகிறது. களை எடுக்கும் அந்த மிஷினுக்காக சோலைராஜ் இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறார். ஆள் கிடைக்காமல் போன வருஷம் அவர் காட்டில் பருத்தியைவிடக் களைதான் உயரமாக நின்றது. பட்டியலில் முதல் பெயர் அவருடையது. இரண்டாவது பெயர் குழுத் தலைவர் பால்பாண்டி. கௌதம்ராஜின் அப்பா.

பால்பாண்டி போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்திருந்தார்.

"எனக்கு இதைத் தொறக்கக்கூடத் தெரியாது, மாப்ளே. யாரோ காட்டுனாவ. மானியம் வேண்டாம்னு நீயே எழுதிக் குடுத்திட்டியாமே?"

"அது நான் இல்ல மச்சான். அமெரிக்கா."

"கையெழுத்து உன் பேருல்லா கெடக்கு?"

"அமெரிக்கா எப்படிக் கையெழுத்துப் போடும்னு எனக்குத் தெரியல."

"எனக்கும் உலக விவகாரமெல்லாம் புரியாது. ஆனா மானியம் கூடாதுன்னவனுக்கே மானியத்துல மிஷினான்னு நாலு பேரு கேப்பாவல்ல. காலேஜுல ஏதாச்சும் எழுதி வாங்கிட்டு வா, பாப்போம்."

வீட்டில் முனீஸ்வரி வேறு முகத்தோடு இருந்தாள். அவளுக்கு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை.

"வரி போனா வெளிநாட்டுப் பஞ்சு மலிவா வரும், மூணு ஷிப்டும் ஓடும்னு எங்க சூப்பர்வைசருக்கு ஒரே சந்தோசம். எனக்கு இன்னைக்கு ரெண்டு டீ."

"நம்ம பருத்தி விலை என்ன ஆகும்?"

"அதைப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லல."

மறுநாள் சோலைராஜ் ஜெயசித்ராவிடம் போய், ஊரில் காட்ட ஒரு கடிதம் கேட்டார். அவர் கடிதம் என்ன, கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழே கொடுத்தார். 'சிறந்த பேச்சாளர்: அமெரிக்கா' என்று தங்க எழுத்தில் இருந்தது. பால்பாண்டி அதைக் குழுக் கூட்டத்தில் பக்கத்து ஆளிடம் கொடுத்து, இரண்டு தடவை உரக்க வாசிக்கச் சொன்னார்.

"விருது வேற குடுத்திருக்காவ. சும்மாவா குடுப்பாவ?" என்றார்.

புதன்கிழமை சோலைராஜ் மறுபடி போய் நின்றார். "மேடம், ஒருக்கா இந்தியாவா உட்கார விடுங்க. எல்லாத்தையும் நேர் பண்ணிடுதேன்."

ஜெயசித்ராவுக்குச் சந்தோஷம். இரண்டாம் சுற்று கூடியது. கௌதம்ராஜுக்கு இன்னும் காய்ச்சல் விடாததால், அமெரிக்காவாக அக்சா என்ற மாணவி உட்கார்ந்தாள். தினமும் பஸ்ஸில் "குட் மார்னிங் அண்ணே" சொல்லி ஏறுகிற பிள்ளை. அன்றைக்கு அவள் கண்ணில் இரக்கம் என்பதே இல்லை.

"பருத்தி வரியை எடுக்க முடியாது. மானியத்தைக் குறைக்க முடியாது" என்றார் சோலைராஜ்.

"ரெண்டுமே முடியாதா? அப்ப உங்க துணி, இறால் எதுவும் எங்க நாட்டுக்குள்ள வராது. நான் எந்திரிக்கேன்."

"உட்காரும்மா. பேசத்தானே வந்திருக்கோம்?"

"சரி, வரி இருந்துட்டுப் போகட்டும். இதுல ஒண்ணை மட்டும் விட்டுக் குடுங்க."

ஒரு தாளைத் தள்ளினாள். உர மானியம், இலவச மின்சாரம், நெல் கொள்முதல் விலை, விவசாய மிஷின் மானியம் என்று நாலு வரி. சோலைராஜ் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். உரத்தை விட்டால் ஊரே வயிற்றில் அடித்துக்கொள்ளும். மின்சாரத்தை விட்டால் மோட்டார் ஓடாது. நெல்லைத் தொட்டால் வத்திராயிருப்புப் பக்கமே தலைகாட்ட முடியாது. இது விளையாட்டு என்பது அவருக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. ஊருக்காக, நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு நாலாவது வரியில் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் போட்டோவும் அவருக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தது.

"முந்தாநாள் பொதுவா மானியம் வேண்டாம்னான். இன்னைக்கு மிஷினுன்னு பேரைச் சொல்லியே எழுதிக் குடுத்துட்டான்" என்றார் பால்பாண்டி. குழுவில் எல்லோரும் தலையாட்டினார்கள்.

முனீஸ்வரி சோற்றைத் தட்டில் போட்ட சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும்.

"வரி இருக்கட்டும்னு சொல்லிட்டீகளாமே? சூப்பர்வைசர் மூஞ்சி குடுத்துப் பேசல. டீயும் கிடையாது. ஏங்க, நீங்க எந்தக் கட்சி?"

சோலைராஜுக்கும் அதுதான் விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை வேளாண்மை அலுவலர் செல்வின் மிஷினைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். "இந்த வருஷம் ஒண்ணுதான் ஒதுக்கீடு. லிஸ்டுல மொதப் பேரு சோலைராஜ். அவருக்குத்தானே?"

சோலைராஜே எழுந்தார். "வேண்டாம் சார். மச்சானே எடுத்துக்கிடட்டும். நான் உலகத்துக்கு முன்னாடி கையெழுத்துப் போட்டுட்டேன்."

"எந்த உலகம்?"

"செமினார் ஹால்ல சார்."

செல்வின் அவரையும் பால்பாண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒண்ணும் புரியலையே."

"எனக்கும் புரியாது சார். நாலு எழுத்து தெரிஞ்சவுக பேசுற விசயம். ஊரு என்ன சொல்லுதோ அதுக்குக் கட்டுப்படுதேன்" என்றார் பால்பாண்டி பணிவாக.

அவருக்கு இடுப்பு வலி என்பதால் மிஷினை இறக்க சோலைராஜ்தான் கை கொடுத்தார். புது பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியதும் அவருக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. செல்வின் காகிதத்தை நீட்டினார். பால்பாண்டி பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் ராஜபாளையம் பஸ்ஸிலிருந்து இறங்கி, தோளில் பையோடு கௌதம்ராஜ் வந்தான். மிஷினை முதல் தடவையாக வேடிக்கை பார்த்தான்.

சோலைராஜ் தன் துக்கத்தை விழுங்கிக்கொண்டு விசாரித்தார். "காய்ச்சல் தேவலையாப்பா?"

"எனக்கு ஏது காய்ச்சல், மாமா? வெள்ளிக்கிழமை வரைக்கும் சித்தி வீட்டுல இருன்னு அப்பாதான் அனுப்பி வச்சாரு. உங்களை அமெரிக்காவா உட்கார வைக்கச் சொல்லி மேடத்துக்குப் போன மெசேஜைக்கூட அவரேதான் டைப் பண்ணுனாரு."