கல்லியானோ, அந்தத் தோட்டாவைப் போடாதே

கார்னியா,
வெள்ளிக்கிழமை காலை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் கல்லியானோ அவர்களுக்கு, தங்கள் தமக்கை நிவேஸின் கணவன் எலிஜியோ, இரண்டு கண்களும் எல்லா விரல்களும் உரிய இடத்தில் இருக்கும் நிலையில் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் நலம். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை. இந்த வாரம் தொட்டுத் தடவிப் பார்த்துவிட்டே எழுதுகிறேன். வெரோனாவில் தாங்களும் தங்கள் மூட்டுவலியும் அமைதியாக இருக்க வேண்டுகிறேன்.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். தொலைபேசியில் தாங்கள் என்னை ஒரு வாக்கியமாவது முடிக்க விட்டதுண்டா? "தெரியும் அத்தான், தெரியும்" என்று பாதியிலேயே வெட்டிவிடுவீர்கள். காகிதத்தை யாரும் வெட்டிப் பேச முடியாது. ஆகவே முழுதும் படியுங்கள். விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது.

தங்கள் பெரியப்பாவின் பரணிலிருந்து இரண்டு பழைய ராணுவத் துப்பாக்கிகளை இறக்கி, ஒன்றைத் தாங்கள் வைத்துக்கொண்டு, மற்றொன்றை ஈஸ்டருக்கு எனக்குக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். காவல் நிலையத்தில் முறைப்படி பதிவும் செய்து கொடுத்தீர்கள். அதற்கு நன்றி. கூடவே ஒரு பெட்டித் தோட்டாவும் கொடுத்து, "கச்சிதமா உள்ள போகுது அத்தான், நான் போட்டுப் பார்த்துட்டேன்" என்றீர்கள். அதற்கு நன்றி சொல்ல இப்போது நாக்கு எழவில்லை. வெரோனாச் சங்கப் போட்டியில் தாங்கள் முதல் பரிசு வாங்கப் போவதாகவும், நானும் என் ஊரில் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றும் சொன்னீர்கள். ரோஷம் வந்தது. எங்கள் சுடுதிடலில் நடக்கும் பழைய துப்பாக்கிப் போட்டிக்கு மறுநாளே பெயர் கொடுத்தேன்.

நிவேஸ் அன்றே கேட்டாள், "இந்தத் தோட்டா இதுக்குத்தானா?" என்று. "உள்ளே போகிறதே" என்றேன். "என் தங்கச்சி கவுன்கூட எனக்குச் சரியாத்தான் இருக்கு. அதுக்காக அவ புருஷனுக்கு நான் சமைச்சுப் போட முடியுமா?" என்றாள். சந்தேகம் தீர லிவியோவின் மதுக்கடைக்குப் போனேன். அங்கே துப்பாக்கி தெரியாதவர் ஒருவரும் இல்லை. லிவியோ தோட்டாவைக் காதருகே ஆட்டிப் பார்த்து, "நல்ல சரக்கு, போடு" என்றான். ரயில் நிலைய அதிகாரியாக இருந்த காலம் முழுதும் ஒரு ரயிலையும் இன்னொன்றின் மேல் விடாதவன் நான். அப்படிப்பட்டவன் தோட்டாவுக்கு மட்டும் மதுக்கடைக்காரனின் காதை நம்பினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போட்டி நாள் வந்தது. பேண்டு வாசித்தார்கள், பாதிரியார் ஆசி வழங்கினார், ஊரே வரிசையில் உட்கார்ந்திருந்தது. நான் பாயில் படுத்து, தோட்டாவைப் போட்டு, கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் அழுத்திய நேரம், யாரோ என் பெல்ட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். திரும்பினால் இல்தே. திடலின் பொறுப்பாளர், துப்பாக்கி பழுது பார்ப்பவர், என்னைவிட ஒரு தலை உயரம்.

"கையை எடுங்க. எதையும் தொடாதீங்க. இந்தத் தோட்டாவை யார் கொடுத்தது?"

"என் மைத்துனன்."

"உங்களுக்கும் அவருக்கும் ஏதாவது தகராறா?"

கூட்டம் சிரித்தது. நான் பாயில் படுத்திருந்தேன், கல்லியானோ, கவிழ்த்துப்போட்ட ஆமை மாதிரி. இல்தே தோட்டாவைத் தானே வெளியே எடுத்துவிட்டு, போட்டியிலிருந்தும் என்னை நீக்கிவிட்டார். லிவியோவோ, "நான் அப்பவே சொன்னேன்" என்றான் வெட்கமில்லாமல்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. திங்கட்கிழமை துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு இல்தேயின் பட்டறைக்கே போய், ஆதாரம் காட்டுங்கள் என்று நின்றேன். அவர் என்னை உட்காரவைத்து, கோபப்படாமல் விளக்கினார். "இது கரிமருந்து, அதாவது புகை கக்குற பழைய வெடிமருந்து காலத்துத் துப்பாக்கி. குழல் ரொம்பப் பெருசா இருந்துச்சு. முதல் உலகப் போர்ல துப்பாக்கி பத்தாம, குழலுக்குள்ள மெல்லிசா ஒரு குழாயைச் செருகி, புதுத் தோட்டா போற மாதிரி மாத்தினாங்க. குழாய் புதுசு, சரி. வெடிக்கிற அடியைத் தாங்குற பூட்டு? அது பழசுதான். கரிமருந்து அதைத் தள்ளும். உங்க தோட்டாவுல இருக்கிற மருந்து அதை உதைக்கும்."

"உதைத்தால் உடையுமா?"

"உடையலாம்."

"உடைந்தால் எந்தப் பக்கம் போகும்?"

"பின்னால. நீங்க கன்னத்தை வச்சிருந்த பக்கம்."

அப்போதும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் இல்தே திடலில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, துப்பாக்கியை ஒரு லாரி டயரில் கட்டி, சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கி, சுவருக்குப் பின்னாலிருந்து நீளக் கயிற்றால் இழுத்தார். டமால். போய்ப் பார்த்தால் ஒரு கீறல் இல்லை. "பார்த்தீர்களா! என் மைத்துனன் சொன்னது சரிதான்! அவிழ்த்துக் கொடுங்கள், தோளில் வைத்தே சுடுகிறேன்" என்று குதித்தேன். ஆமாம், உனக்காக வாதாடினேன். கூட வந்திருந்த நிவேஸ் என் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். இல்தே, "முதல்ல தாங்குறதுதான் இதுல மோசம். தைரியம் வந்துரும்" என்று சொல்லி மறுபடி கட்டினார். அடுத்ததும் தாங்கியது. அதற்கடுத்த வெடியின் சத்தம் வேறு மாதிரி இருந்தது. போய்ப் பார்த்தோம். பூட்டு இரண்டாகப் பிளந்து, கட்டை நெடுக விரிந்து, இரும்புத் துண்டொன்று பின்னாலிருந்த மணல் மூட்டையைத் துளைத்து உள்ளே புதைந்திருந்தது. என் கன்னம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் மணல் கொட்டிக்கொண்டிருந்தது. நிவேஸ் என் பக்கம் திரும்பினாள். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகுதான் திட்ட ஆரம்பித்தாள். வீடு வரும்வரை நிறுத்தவில்லை. அவ்வளவு இனிமையான திட்டை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை.

அப்படியானால் எந்தத் தோட்டாதான் பத்திரம் என்று மறுநாள் இல்தேயிடம் கேட்டேன். "இப்படி மாத்தினதுக்கு எதுவும் கிடையாது. சுவர்ல மாட்டுங்க. மாத்தாத பழசு கிடைச்சா, முதல்ல தெரிஞ்சவங்ககிட்ட காட்டி அளவு பாத்து, கரிமருந்தும் மிருதுவான ஈயக் குண்டும் மட்டும்" என்றார். மனம் நொந்திருந்த எனக்குத் தன் சொந்த, மாற்றப்படாத துப்பாக்கியைத் திடலில் ஒரு தடவை சுடவும் கொடுத்தார். நல்ல தள்ளு, நிறையப் புகை. புகை கலைந்ததும் தேடினால், என் குண்டு பக்கத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்த லிவியோவின் இலக்கு அட்டையில், நட்ட நடுவில். அவன் அதை வெட்டிக் கடையில் ஒட்டிவைத்திருக்கிறான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் துப்பாக்கியும் அதே ஜாதி, உன் தோட்டாவும் அதே பெட்டி. கல்லியானோ, போடாதே! அது உள்ளே போகும், மூடிக்கொள்ளும், முதலில் சமர்த்தாகச் சுடும். நம்பாதே. பரிசு வேண்டாம், சங்கம் வேண்டாம். கோபத்தில் தாங்கள் போய் நீ வந்துவிட்டது. எழுதியதை அடித்துத் திருத்தப் போவதில்லை. எனக்கு இருப்பது ஒரே மைத்துனன், அவனும் ஒழுங்கில்லாதவன். ஆனாலும் முழுசாக வேண்டும்.

மூட்டு வலிக்காமல், முகம் சிதறாமல், நீண்ட நாள் இருக்க ஆசிகள். தங்கள் மனைவிக்கு என் மரியாதை, நாய்க்கு என் விசாரிப்பு.

அன்புடன்,
எலிஜியோ

பின்குறிப்பு: உறையை ஒட்டும்முன் நிவேஸ் வாங்கிப் படித்தாள். "அவன் போட்டி நாளன்னைக்கு. இது போய்ச் சேர ஒரு வாரமாகும். நீங்க என்ன, அனுதாபக் கடிதமா எழுதியிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு உடனே தங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஆகவே தாங்கள் எந்தச் சங்கத்திலும் இல்லை, போட்டியும் இல்லை, வெடிச் சத்தம் கேட்டாலே தாங்கள் காதைப் பொத்திக்கொள்வீர்கள், துப்பாக்கி வந்த நாளிலிருந்து அலமாரி மேல் கம்பளிக்குள் தூங்குகிறது என்பதெல்லாம் தெரிந்தது. "அத்தான்கிட்ட சொல்லிடாதக்கா, மானம் போயிடும்" என்று கெஞ்சினீர்கள். அவள் சத்தியமாகச் சொல்லவில்லை. ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தாள், அவ்வளவுதான். மேலே உள்ளதை இனிப் படிக்க வேண்டியதில்லை. தோட்டாப் பெட்டியை மட்டும் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள். நாளை மறுநாள் போட்டி இல்லையே, சும்மாதானே இருப்பீர்கள், கிளம்பி வாருங்கள். நிவேஸ் பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் வறுக்கிறாள். பயப்பட வேண்டாம்; அன்றைக்கு ஒருநாள் மெதுவாகப் பேசும்படி அவளிடம் சொல்லியிருக்கிறேன்.