தண்ணீர்த் தொட்டி உடன்படிக்கை

வகுப்பறையில் நன்றாகப் பேசுகிறவனை நம்பி வெட்டவெளியில் எந்தப் பொறுப்பையும் கொடுக்கக் கூடாது. அனுபவப்பட்டுச் சொல்கிறேன். (பட்டவர்கள் என் மாணவர்கள். நான் பக்கத்தில் நின்றேன்.)

புனேயில் ஒரு கல்லூரியில் சர்வதேச உறவுகள் பாடம் நடத்துகிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் விழாவுக்கு ஒரு கர்னல் வந்திருந்தார். மைக் கிடைத்த சந்தோஷத்தில், சர்வதேச உறவுகள் படித்தவனே சிறந்த படைத்தலைவன் ஆக முடியும் என்று முழங்கினேன். எதிராளிக்கு என்ன வேண்டும் என்று கணிப்பது, கூட்டாளிகளைச் சேர்ப்பது, சண்டை போடாமலே காரியத்தை முடிப்பது எல்லாம் எங்கள் பாடத்தில் இருக்கிறது என்றேன். கர்னல் கை தட்டினார். அடுத்த வாரமே கல்லூரி முதல்வர் கூப்பிட்டு, காலியாகக் கிடந்த தேசிய மாணவர் படை அதிகாரி பொறுப்பைத் தற்காலிகமாக என் தலையில் கட்டினார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்று எல்லோரிடமும் புலம்பினேன். ஆனால் உள்ளுக்குள் ஆசை இருந்தது. அடுத்து வரும் மாணவர் படை முகாமை ஒழுங்காக நடத்திக் காட்டினால் கர்னல் பயிற்சிக்குப் பரிந்துரைப்பார். பயிற்சி முடிந்தால் தோளில் நட்சத்திரம். ஆகுர்டியில் இருக்கும் எங்கள் வீட்டுக் கண்ணாடி முன் தோளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் மனைவி கோமதி தஞ்சாவூர்க்காரி.

"நட்சத்திரம் வர்றப்ப வரட்டும். மொதல்ல தொப்பைய உள்ள இழுங்க" என்றாள்.

முகாம் ஊருக்கு வெளியே, ஒரு பொட்டல் மைதானத்தில். எங்கள் கூடாரங்களுக்கும் பக்கத்துக் கல்லூரிக் கூடாரங்களுக்கும் நடுவில் ஒரே ஒரு சிமெண்ட் தொட்டி. ராத்திரி டேங்கர் வந்து நிரப்பிவிட்டுப் போகும். காலையில் இரண்டு கல்லூரிப் பையன்களும் வாளியோடு முட்டி மோதுவார்கள். யார் மூக்கும் உடையாதது ஆண்டவன் புண்ணியம்.

எனக்கோ உற்சாகம் தாங்கவில்லை. இரண்டு தரப்பு, ஒரு நீராதாரம்! இதற்காகத்தானே டாக்டர் பட்டம்வரை படித்தேன்? மாலையில் அந்தக் கல்லூரி அதிகாரியைப் பார்க்கப் போனேன். குல்கர்ணி சார், வேதியியல் ஆசிரியர், அவரும் என்னைப் போலத் தற்காலிகம்தான். இஞ்சி டீ கொடுத்தார். அவர்கள் பக்கம் பெரிய புளியமரம் இருந்தது. எங்கள் பக்கம் புல்கூட இல்லை. காலையில் தொட்டியில் முதல் முறை உங்களுக்கு, மத்தியானம் மரநிழலில் பாதி எங்களுக்கு என்று முன்மொழிந்தேன்.

"சாலேல், சர்" என்றார். மராத்தியில், அப்படியே ஆகட்டும்.

மனிதர் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டாரே என்று சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்குப் பெருமைதான் வந்தது.

திரும்பி வந்து அறிவித்தேன். அணித்தலைவன் அனிகேத் மட்டும் தயங்கினான். "சர், அவங்க நம்மளவிட ரெண்டு மடங்கு பேர். மிச்சம் வைப்பாங்களா?"

"பரஸ்பர நம்பிக்கைதான் உடன்படிக்கைக்கு அடிப்படை" என்றேன். (சொல்லும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டதாக ஞாபகம். கஷ்டகாலம்.)

மறுநாள் காலை கர்னல் பார்வையிட வருகிறார். குல்கர்ணி சாரின் பையன்கள் குளித்தார்கள், துவைத்தார்கள், ஒரு விதியையும் மீறவில்லை. பிறகு எங்கள் முறை. பையன்கள் ஆளுக்கு ஒரு மக் ஊற்றிக்கொண்டு தலைமுதல் கால்வரை சோப்பு போட்டார்கள். அப்போது அனிகேத் கத்தினான். "சர், பாணி சம்ப்ல!"

தண்ணீர் தீர்ந்துவிட்டது. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு சோப்பு உறை கிடந்தது.

குல்கர்ணி சாரிடம் ஓடினேன். அவருடைய படை பளபளவென்று நின்றுகொண்டிருந்தது. "ரெண்டு வாளியாவது இருக்கா சார்?" என்று கெஞ்சினேன்.

"தண்ணி இல்ல சர். நிழல் வேணும்னா இப்பவே எடுத்துக்கோங்க" என்றார் பெருந்தன்மையாக.

அதற்குள் ஜீப் வந்துவிட்டது. பையன்கள் நுரையின் மேலேயே சீருடையை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வெயில் ஏற ஏற, தலையில் நுரை காய்ந்து அப்பளமாகப் பொரிந்தது. ஒருவனுக்குக் கண்ணில் தாரைதாரையாக நீர். அது தேசபக்தியாகத் தெரியட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கர்னல் வரிசையின் கடைசிவரை நடந்துவிட்டுத் திரும்பினார். "இது யாருடைய ஏற்பாடு?"

இருதரப்பு நலன், நீண்டகாலப் பார்வை என்று நான் வாயைத் திறப்பதற்குள் அத்தனை வலது கைகளும் ஒரே நேரத்தில் உயர்ந்து என்னைச் சுட்டின. முகாமுக்கு வந்த நாள்முதல் ஒரு தடவைகூடச் சேர்ந்து கால் வைக்காத படை அது.

கர்னல் அந்தக் கைகளைப் பார்த்தார். "டிரில் பிரமாதம், டாக்டர் சாப்" என்று சொல்லிவிட்டு அடுத்த அணிக்குப் போய்விட்டார்.

அவமானம் பிடுங்கித் தின்றது. மத்தியானம் உடன்படிக்கைப்படி புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தோம். எல்லோரும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள்.

பரிந்துரை குல்கர்ணி சாருக்குப் போனது. இப்போது அவர் தோளில் நட்சத்திரம். வழியில் பார்த்தால் சல்யூட் அடிக்க என் கை தானாகப் பாதி உயர்கிறது. விழாவில் முழங்கிய அந்தப் பேச்சை நான் இன்னமும் வருடா வருடம் வகுப்பில் பேசுகிறேன். பாடத்திட்டத்தில் இருக்கிறதே, என்ன செய்வது? குரல்தான் இறங்கிவிட்டது.

வீட்டில் சொன்னபோது கோமதி முதலில் சிரிக்கவில்லை.

"காவிரித் தண்ணிக்கு வழி பாத்துப் பாத்தே வளந்த ஊரு எங்களுது. தொட்டியில எவ்வளவு இருக்குன்னு கேக்காமயா மொத மொறைய விட்டுக்குடுத்தீங்க?" என்றாள். பிறகு சமையலறைக்குள் போனாள். பாத்திரச் சத்தத்தையும் மீறிச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

கோடையில் எங்கள் அடுக்குமாடியில் தண்ணீர்ப் பஞ்சாயத்து கூடும்போதெல்லாம் அவள்தான் போகிறாள். அரைகுறை மராத்தியில் பேசி ஜெயித்துவிட்டு வருகிறாள். நான் வாளிகளை வரிசையாக வைத்துக்கொண்டு வீட்டில் காத்திருக்கிறேன். இவ்வளவு படித்தவர் இருக்கும்போது நீ எதற்குப் போகிறாய் என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் யாராவது கேட்டுவிட்டால் போதும், அவளிடம் பதில் தயார்.

"அவரு படிச்சது வெளிநாட்டு உறவுங்க. பக்கத்து டெண்டு அதுல வராது."