மேலே இருக்கிறவர் படிப்பார்

பட்டமளிப்பு அங்கியைக் கழற்றிய கையோடு யாரையும் எந்த அலுவலகத்துக்குள்ளும் விடக் கூடாது. குறைந்தது ஆறு மாதமாவது ஆறப் போட வேண்டும். அனுபவத்தில் சொல்கிறேன். நானே அப்படிச் சூடாக உள்ளே விடப்பட்டவள்தான்.

2006-ல் அண்ணாமலை நகரில் எம்.பி.ஏ. முடித்தேன். ‘நிறுவனக் கலாச்சாரம்’ என்ற தாளில் நான்தான் முதல் மதிப்பெண். (அந்தத் தாளை எடுத்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். இந்த விவரத்தை அப்பா யாரிடமும் சொல்லவில்லை.) சிதம்பரத்துக்கு வெளியே, கடலூர் போகும் சாலையில் ஒரு முந்திரி பேக்கிங் கம்பெனியில் வேலை கிடைத்தது. கடலூரில் குடியிருந்த முதலாளி சனிக்கிழமை மட்டும் வந்து மாடி அறையில் உட்காருவார்.

“நம்ம பொம்பளைங்க நல்லாத்தான் வேல செய்றாங்க. திடீர்னு சொல்லாம கொள்ளாம நின்னுடுறாங்க. கேட்டா சிரிக்கிறாங்க. காரணத்த ஒரு மாசத்துல கண்டுபுடிம்மா. அப்புறமா ஒன்ன வேலையில வச்சிக்கிறதப் பத்திப் பேசலாம்” என்றார்.

அதாவது, வேலை இன்னும் நிச்சயமில்லை. அப்பாவோ அதற்குள் எங்கள் குவார்ட்டர்ஸ் முழுக்க ‘பொண்ணு மேனேஜராயிட்டா’ என்று லட்டு கொடுத்து முடித்திருந்தார். கொடுத்த லட்டைத் திரும்ப வாங்க முடியாதே!

முதல் வேலையாக, தினமும் காலையில் கை தட்டி உறுதிமொழி எடுக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தேன். முந்திரி பொறுக்கும் அறுபது பெண்களும் மேசைகளின் முன்னால் நின்று, “நாம் ஒரே குடும்பம்!” என்று சொல்லிப் பத்து நிமிடம் கை தட்ட வேண்டும். வரிசையில் முதல் ஆள் ஸ்டெல்லா அக்கா. அங்கே எல்லோருக்கும் சீனியர். தட்டும்போது என்னை ஒரு மாதிரி பார்ப்பார். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது ஆலோசனைப் பெட்டி. கீழவீதிக் கடையில் பூட்டோடு சிவப்புத் தகரப் பெட்டி ஒன்று வாங்கினேன். “எந்தக் கோயிலுக்கும்மா?” என்று கேட்ட கடைக்காரர், கம்பெனிக்கு என்று சொல்லியும் சந்தனம், குங்குமம் வைத்துத்தான் கொடுத்தார். கம்பெனியில் கனம் தாங்கும் ஆணி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, மெக்கா மூன்றும் ஒரே சட்டத்துக்குள் இருக்கும் படத்துக்கு நேர்கீழே. அதிலேயே மாட்டிவிட்டேன்.

பிறகு ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். “உங்கள் மனக்குறை எதுவானாலும் எழுதிப் போடுங்கள். பெயர் வேண்டாம். மேலே இருக்கிறவர் ஒருவர்தான் படிப்பார். நிச்சயம் வழி பிறக்கும்!” என்று மாடி அறையை நோக்கி விரலை உயர்த்தினேன். அறுபது பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். முதலாளி மேல் இத்தனை பக்தியா என்று பூரித்துப்போனேன்.

பெட்டி மளமளவென்று நிரம்பியது. சிலர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சீட்டுப் போட்டார்கள். அதையும் ‘நிறுவனத்தின் மீது உயர்ந்த மதிப்பு’ என்று குறித்துக்கொண்டேன். (மண்டு!)

மாதக் கடைசி சனிக்கிழமை எல்லோரையும் கூட்டி, முதலாளி முன்னிலையில் பெட்டியைத் திறந்தேன். “பேருதான் இல்லியே, சத்தமாவே படிம்மா” என்றார். முதல் சீட்டில் பிள்ளையார் சுழி இருந்தது. “பெரியவளுக்கு நல்ல எடமா அமையணும். அமஞ்சா நூத்தியெட்டுத் தேங்கா ஒடைக்கிறேன்” என்று கம்பீரமாகப் படித்தேன்.

“எனக்கு எதுக்கும்மா தேங்கா?” என்றார் முதலாளி.

அவசரமாக இரண்டாவதை எடுத்தேன். “அவரு குடிய விட்டுட்டா மொட்ட போடுறேன்.” முதலாளியின் கை தானாகத் தன் தலையைத் தடவியது.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் அலறியது. “அய்யய்யோ, சாமிக்கு எழுதுனதயெல்லாம் மேடம் எடுத்துப் படிக்கிறாங்களே!”

எனக்குக் காது சூடாகிவிட்டது. “மேலே இருக்கிறவர்னு நான் சொன்னது உங்களத்தான் சார்” என்று முனகினேன். முதலாளி சிரித்துக்கொண்டே மூன்றாவது சீட்டைத் தானே எடுத்துப் படித்தார்.

“மாதாவே, புது மேடத்துக்கு நல்ல மாப்ள அமைஞ்சி, ரொம்பத் தூரமா வெளிநாட்டுக்கு அனுப்பி வச்சிடும்மா. தெனம் கை தட்டித் தட்டித் தோளு உட்டுப்போச்சி.”

கூடமே சிரித்தது. ஸ்டெல்லா அக்கா மட்டும் முந்திரியைத் தீவிரமாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கூட்டத்துக்காக வேலையை நிறுத்தியிருந்தது அப்புறம்தான் அவருக்கே நினைவு வந்திருக்க வேண்டும். நான் மனதுக்குள் அப்பாவின் லட்டுகளை எண்ணிக்கொண்டு நின்றேன்.

ஆனால் முதலாளி நிறுத்தவில்லை. அடுத்தடுத்த சீட்டுகளை எடுத்தார். அவர் சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. “கொமராச்சி மினி பஸ்ஸு சீக்கிரம் வரணும் சாமி. அஞ்சி நிமிசம் லேட்டுனாலும் கேட்ட சாத்திடுறாங்க.” “நின்னுக்கிட்டே பொறுக்கிக் காலு வீங்குது. உக்கார ஒரு ஸ்டூலு கெடைக்கணும்.” பாதிக்கு மேல் இந்த இரண்டு வேண்டுதல்தான், வேறு வேறு கையெழுத்தில்.

“இத எங்கிட்ட ஒருத்தரும் கேக்கலியே?” என்றார். அவர் குரலே மாறியிருந்தது.

ஸ்டெல்லா அக்கா தலை நிமிர்ந்தார். “ஒங்ககிட்ட கேட்டா எதுத்துப் பேசுன மாதிரி ஆயிடும் மொதலாளி. சாமிகிட்ட கேட்டா வேண்டுதல்தான?”

இரண்டு வருடம் படித்ததில் இந்த ஒரு வரி எனக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. அடுத்த திங்கள்கிழமையிலிருந்து மினி பஸ் வந்த பிறகுதான் கேட் சாத்தினார்கள். ஸ்டூல்கள் வந்திறங்கின. கைதட்டலை நானே நிறுத்தினேன். சொல்லாமல் நிற்பவர்கள் குறைந்தார்கள். என் வேலையும் நிலைத்தது. அந்த ஸ்டூல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வந்த பெருமை, முதல் மதிப்பெண் வாங்கியபோதுகூட வந்ததில்லை. அப்பா இரண்டாவது முறை லட்டு கொடுத்தார். இந்த முறை கம்பெனிக்கும் சேர்த்து.

பெட்டியை நான் கழற்றவில்லை. சாவியை மட்டும் ஸ்டெல்லா அக்காவிடம் கொடுத்துவிட்டேன். எது சாமிக்கு, எது மாடிக்கு என்று அவர்தான் பிரிப்பார்.

மூன்று வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்கு ஊர் குறிஞ்சிப்பாடி. மேடையேறி வந்த ஸ்டெல்லா அக்கா, என் கணவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார். “நான் வெளிநாடுன்னுதான் எழுதுனேன். மாதா குறிஞ்சிப்பாடின்னு படிச்சிட்டா போலருக்கு. எங்கையெழுத்து அப்புடி.” சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இதைக் கேட்ட நாளிலிருந்து என் கணவர், “நான் வேண்டுதல்ல வந்த மாப்ள” என்றுதான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். வீட்டில் நான் கொஞ்சம் நீளமாகப் பேச ஆரம்பித்தால் போதும், அவர் மாடியைப் பார்த்துக் கும்பிடுவார். என் மகள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழிப்பாள்.