மஞ்சள் பூசிய கல்லும் பத்தடியாரும்

இதை எழுத வேண்டுமென்று பேனாவை எடுப்பதும், எழுதாமலே மூடி வைப்பதுமாகப் பல வருடங்கள் போய்விட்டன. எழுதினால் என் மானம் போகும். எழுதாவிட்டால் முருகன் முன்னால் நிற்க முடியவில்லை. மானம் போனால் போகட்டும்.

காய்ந்த புல்லைப் பத்தடியார் அளவுக்குப் பகைத்த மனிதர் கொங்கு நாட்டிலேயே பிறந்ததில்லை. சாயப்பட்டறையில் பாய்லருக்கு விறகு போடுவது அவர் வேலை. எண்பதுகளில், அருள்புரம் பக்கம் லைன் வீடுகளில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். எல்லாம் தென்னங்கீற்றுக் கூரை. சுற்றிலும் சீமைக்கருவேல முள். பனியன் கம்பெனிகளிலிருந்து பறந்து வரும் பஞ்சு அந்த முள்ளில் படிந்து, பூத்த மாதிரி நிற்கும். எங்களுக்கு அது அழகு. அவர் கண்ணுக்கு அது தீக்கு வைத்த திரி.

"நான் தீயோட தினமும் பொழங்கறவனுங்க. அதுக்கு இந்தப் பஞ்சு போதுமுங்க. செவுத்துலருந்து பத்தடிக்கு ஒரு புல்லு நிக்கக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை ஆனால் கொடுவாளோடு கிளம்பிவிடுவார். சுவரில் முதுகை ஒட்டி நின்று, அடிமேல் அடி வைத்துப் பத்து எண்ணுவார்; பத்தடியார் என்று நாங்கள் வைத்த பேர் அதனால்தான். குறுக்கே எது இருந்தாலும் நிற்க மாட்டார். ஒரு தடவை ஏழாவது அடி வெயிலில் காய்ந்த வடகத்தின் மேல். எட்டாவது அடி, வடகத்துக்குச் சொந்தக்காரியின் கால் மேல்.

நான் வேலை பார்த்த பனியன் கம்பெனி டெய்லருக்குப் பெண் பார்க்க அவரையும் பெரிய மனுஷனாகக் கூட்டிப் போனோம். "பொண்ணு லட்சணமுங்க. வைக்கப்போருதான் ஊட்ட ஒட்டி நிக்குது. தள்ளிப் போட்டீங்கன்னா இன்னிக்கே பூ வெச்சிரலாமுங்க" என்றார். பெண்ணின் அப்பா, பாதி குடித்த காபித் தம்ளர்களை எல்லாம் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவர் வெட்டிப் போட்ட முள்ளை நாங்கள் என்ன செய்தோம்? அடுப்புக்கு ஆகுமென்று அள்ளி வந்து, அதே சுவரில் சாய்த்து அடுக்கினோம். பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "ஏனுங்க, மரத்துல நின்னப்பவாச்சும் பச்சையா இருந்துதுங்களே."

கடைசியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பின்னால் ஒரு பெரிய புதர் மட்டும் மிச்சம். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அதுதான் குளிக்கிற மறைப்பு. அவர் வீட்டிலோ, எழுந்து நடக்க முடியாத மனைவி படுக்கையில்.

"தீ வந்தா அவளால ஓட முடியாதுங்க. அத ஒண்ண மட்டும் வெட்ட உடுங்க. மறைப்புக்குத் தகரம் நானே கட்டித் தாறனுங்க."

பாய்லர் கூலியில் தகரம் எங்கே வரப்போகிறது என்று நினைத்தேன்; முகத்துக்கு நேரே மறுக்கவும் மனமில்லை. அன்றே ஒரு கல்லைப் புதரடியில் நட்டு, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். "கருப்பராயன் சாமிங்க. கனவுல வந்து சொல்லுச்சுங்க" என்றேன். நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவன் நான், நம்பினார். செருப்பைக் கழற்றிவிட்டு விழுந்து கும்பிட்டார்.

கல் நட்டால் அவர் வெட்ட மாட்டார் என்ற விஷயம் லைனில் பரவியது. ஒரே மாதத்தில், மறுபடி துளிர்த்த புதருக்கெல்லாம் ஒவ்வொரு சாமி வந்துவிட்டது. அவர் கொடுவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வரிசையாகக் கும்பிட்டபடி போவதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். என் கல்லிடம் மட்டும் கெஞ்சுவார்: "சாமி, கொஞ்சம் தள்ளிக் குடியிருக்கக் கூடாதுங்களா?"

பங்குனி உத்திரத்தன்று சாயங்காலம், என் பேச்சை அவரைப் போலவே நம்பிய என் மனைவி, அந்தக் கல்லுக்கு அகல் விளக்கு ஏற்றி வைத்தாள். காற்று திரும்பியது. பஞ்சு பற்றி, முள் பற்றி, சுவரில் அடுக்கிய விறகும் பற்றித் தீ கூரை ஏறியது. நாங்கள் வெளியே ஓடினோம். அவர் உள்ளே ஓடினார். மனைவியைப் போர்வையில் சுருட்டித் தூக்கி வரும்போது, எரிந்த கீற்று அவருடைய இரண்டு கைகளிலும் விழுந்தது. புண் ஆறியும் விரல்கள் மடங்கவில்லை. பாய்லர் வேலையும் போயிற்று.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட கைகளைக் கூப்பப் பார்த்தார். "வெட்டோணும்னு மனசுல நெனச்சேனுங்க. அதான் சாமி கோவிச்சுக்கிச்சு. உங்க ஊடும் என்னாலதான் போச்சு. மன்னிச்சுக்கங்க."

மன்னித்துவிட்டேன் என்பதுபோல் நான் தலையை ஆட்டினேன். கல் நட்ட கதையைச் சொல்லாமலே கிளம்பி வந்தேன்.

அவர் பழனிக்கு நடந்தே போய் மொட்டை போட்டு, செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டு வந்தார். பிறகு மனைவியோடு தாராபுரம் பக்கம் போனவர்தான், திரும்பி வரவில்லை.

படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும். எனக்காக இரக்கப்பட்டு என் பங்கைக் குறைக்க வேண்டாம். உள்ளதை உள்ளபடியே சொல்லுங்கள். வாய்க்கு வாய் போய் ஒரு நாள் அவர் காதுக்கு எட்டட்டும். அவர் மேல் எந்தச் சாமிக்கும் கோபம் இருந்ததே இல்லை.