ஆடாத அலைவரிசை

அரசாங்கத்துக்குத் தெரியாமல் பொதுமக்கள் யாரும் வானத்தில் ஒரு சின்ன அலையைக்கூட விடக் கூடாது என்பது சட்டம். விடப்போகும் அலை ஒழுங்கானதுதானா என்று முன்கூட்டியே பார்த்துச் சான்று கொடுக்க ஒரு துறையே இருக்கிறது. பல் டாக்டரம்மா அந்தத் துறைக்கு மனு போட்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

டாக்டரம்மாவுக்குப் பகலெல்லாம் அடுத்தவர் பல், பொழுது சாய்ந்தால் ரேடியோ. அதிலும் எல்லோரும் போகும் பாதை பிடிக்காமல், தாழ் அலைவரிசை. கடல் தாண்டி ஒரு வானிலை நிலையத்தில் வேலை பார்க்கும் அக்காவுக்கும் அதே பைத்தியம். வாரம் ஒரு நாள் இருவரும் போனில் அரைமணி நேரம் பேசுவார்கள். பேச்சு முழுக்க, போன் இல்லாமல் ஒருவருக்கொருவர் சேதி அனுப்புவது எப்படி என்பதைப் பற்றித்தான்.

வீட்டு மாடிக் கம்பியிலிருந்து கிளம்பும் அலை அவ்வளவு தூரம் போய்ச் சேரும்போது குற்றுயிராகத்தான் இருக்கும். அதனால் மெதுவாக அனுப்ப வேண்டும். மோர்ஸ் எழுத்தில் ஒரு புள்ளிக்கு ஒரு நிமிஷம், ஒரு கோட்டுக்கு மூன்று நிமிஷம் என்று இழுத்து இழுத்து அனுப்பினால், அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் திரையில் மெல்லிய கீற்றாக விழும். ஆனால் அலைவரிசை இம்மியும் நகரக் கூடாது. ஒரு ஹெர்ட்ஸ் அப்படி இப்படிப் போனாலும் கீற்று கிறுக்கலாகிவிடும்.

"நீ எதுலடி நிலையா நின்னிருக்கே? பாட்டு கத்துக்கிட்டே, விட்டே. நீச்சல் கத்துக்கிட்டே, விட்டே. உன் அலை மட்டும் நிக்கப்போகுதா?" என்பார் அக்கா.

அக்காவுக்கு வருஷக் கடைசியில் ஓய்வு. அலை பிடிக்க வாகான நிலையத்தின் உயரமான கம்பத்தை விட்டுவிட்டு, துணி காயப்போடவே இடமில்லாத ஒரு ஃபிளாட்டுக்குக் குடிபோகிறார். அதற்குள் நடந்தால்தான் உண்டு.

டாக்டரம்மா ரோஷக்காரர். ஒரு குவார்ட்ஸ் படிகத்தைத் துடிக்கவிட்டு, அந்தத் துடிப்பை வகுத்து வகுத்துத் தனக்கு வேண்டிய அலைவரிசைக்கு இறக்கினார். படிகமோ சரியான நோஞ்சான். குளிர்ந்தால் ஒரு பக்கம் ஓடியது, வெயிலடித்தால் மறுபக்கம் ஓடியது. அதை ஒரே சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் வைத்து, தெர்மோகோலால் போர்த்தி, மேலே சுற்றும் செயற்கைக்கோள்களின் கடிகாரத்தோடு கட்டிப்போட்டார். அந்த அறையில் தும்மக்கூட வீட்டுக்காரருக்கு அனுமதி இல்லாமல் போனது. மூன்று வருஷம் பாடுபட்டு, அக்காவின் ஓய்வு வருஷம் பிறந்தபோதுதான் அலைவரிசை ஆணியடித்தாற்போல் நின்றது.

துறையிலிருந்து ஆய்வாளர் வந்தார். மீட்டரை இணைத்தார், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

"என்னம்மா சொல்லுது?"

"என் நிலையத்தோட அழைப்புப் பேரு சார்."

டீ வந்தது. குடித்தார். இன்னொரு டீயும் வந்தது.

"முடிஞ்சுதா?"

"ரெண்டாவது எழுத்து பாதியில இருக்கு சார்."

"பரவாயில்லையே! எங்க ஆபீஸ் கோப்பைவிட வேகமாத்தான் போகுது," என்று மனதாரப் பாராட்டினார்.

பிறகு அவர் முகம் மாறியது. மீட்டரைத் தட்டினார். குலுக்கினார்.

"கடைசி எண் ஆடவே மாட்டேங்குதே?"

"ஆடக் கூடாதுன்னுதான் சார் இவ்வளவு பாடும்."

"அது எப்படிம்மா? ஊர்ல எல்லாருக்கும் ஆடுது. குறைந்தபட்சம், அதிகபட்சம், சராசரின்னு மூணு கட்டம் இருக்கு. மூணுலயும் ஒரே எண்ணைப் போட்டா மேலதிகாரி என்ன நினைப்பார்? நான் இங்க வராமலே ஆபீஸ்ல உட்கார்ந்து எழுதிட்டேன்னு நினைப்பார்."

"வராமலே எழுதினா எப்படி எழுதுவீங்க?"

"கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைச்சு, பார்த்தா நம்பற மாதிரி எழுதுவோம். அனுபவம்னு ஒண்ணு இருக்குல்ல? நேர்ல வந்து பார்த்தாத்தான் இந்தச் சங்கடமெல்லாம்."

"உள்ளதை உள்ளபடி எழுதுங்க சார்."

"எழுதலாம்மா. உள்ளது கொஞ்சம் உள்ள மாதிரி இருக்கணுமே!"

அடுத்த வாரம் கடிதம் வந்தது. தங்கள் அலைவரிசையில் இயல்பான ஏற்ற இறக்கம் காணப்படாமை ஐயத்துக்கு இடமளிப்பதால், தக்க ஏற்ற இறக்கத்துடன் மறு ஆய்வுக்கு ஆயத்தமாகும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.

டாக்டரம்மா மேலதிகாரியையே போய்ப் பார்த்தார். மேலதிகாரி பொறுமைசாலி.

"விதி என்னம்மா சொல்லுது? ஒரு ஹெர்ட்ஸ் வரைக்கும் விலகலாம், அனுமதி உண்டுங்குது. அரசாங்கம் மனசுவந்து கொடுத்த அனுமதி. நீங்க துளிகூட எடுத்துக்க மாட்டேங்கறீங்க. கொடுத்த சலுகையை வேண்டாம்னு தள்ளறது துறையை அவமதிக்கற மாதிரி இல்லையா?"

டாக்டரம்மா வீடு திரும்பினார். வருஷக் கடைசியோ நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர்தான் வழி சொன்னார். சொன்னதோடு நிற்காமல் மேஜை ஃபேனையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

மறு ஆய்வில், செயற்கைக்கோள் ஒயரைப் பிடுங்கி, பெட்டி மூடியைத் திறந்து, ஃபேனைத் திருப்பிவிட்டார்கள். படிகம் குளிரில் வெடவெடத்தது. மீட்டரின் கடைசி எண் தலைகால் தெரியாமல் குதித்தது.

"இப்பதான் உயிர் வந்திருக்கு!" என்றார் ஆய்வாளர். மூன்று கட்டத்துக்கும் மூன்று எண் கிடைத்தது. உரிமமும் கிடைத்தது, ஒரு நிபந்தனையுடன்: நிலையம் ஆய்வின்போது இருந்த நிலையிலேயே, அதாவது மூடி திறந்தும் மின்விசிறி சுழன்றும், இயக்கப்பட வேண்டும்.

அப்படியே இயக்கினார். அக்காவிடமிருந்து போன் வந்தது.

"அடியே, உன் சிக்னல் வந்துடுச்சுடி!"

"எழுத்து தெரியுதாக்கா?"

"எழுத்தா? கோழி கிளறின குப்பை மாதிரி இருக்கு. இப்படி அனுப்ப உலகத்துலயே உன்னை விட்டா யாரு இருக்கா? அதான் கண்டுபிடிச்சேன்."

ஒரு எழுத்தும் படிக்கப்படாத அந்தத் தொடர்பை இரு கரையிலும் உள்ள ரேடியோ சங்கங்கள் சாதனை என்று அறிவித்தன. படம் போட்டார்கள், மாலை போட்டார்கள். அதோடு ஆரம்பித்தது மோகம். 'உயிருள்ள அலை' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். வசதியுள்ளவர்கள் வெளிநாட்டு ஃபேன் வாங்கினார்கள், இல்லாதவர்கள் படிகத்தை ஜன்னலோரம் வைத்தார்கள். ஆடாத அலை மனதுக்கு நல்லதில்லை என்று ஒருவர் உரையே நிகழ்த்தினார். டாக்டரம்மா முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்ட வேண்டியிருந்தது.

அக்கா ஓய்வு பெறும் நாளும் நெருங்கியது. கம்பத்தை விட்டு இறங்குவதற்குள் தன் உண்மையான கீற்றை அக்கா ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று டாக்டரம்மாவின் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியை மூடினார், ஃபேனை நிறுத்தினார், ஒயரை மாட்டினார். காலையில் ஆரம்பித்த அழைப்புப் பெயர் பொழுது சாயும்வரை திரும்பத் திரும்பப் போனது. இம்மி பிசகவில்லை.

மூன்றாம் நாள் துறையிலிருந்து அவசர அழைப்பு.

"மோசம் போயிட்டீங்கம்மா," என்றார் மேலதிகாரி. "யாரோ ஒருத்தன் உங்க பேரைத் திருடி அலை விட்டிருக்கான். கடல் தாண்டிப் புகார் வந்திருக்கு."

"யாரு சார் புகார் கொடுத்தது?"

தாளைத் திருப்பிக் காட்டினார். அக்காவின் கையெழுத்து. 'என் தங்கையைப் பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். ஒரு பகல் முழுக்க அசையாமல் நிற்கக்கூடியவள் அல்ல. இது சத்தியமாகப் போலி.'

டாக்டரம்மா ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் கூரையைப் பார்த்தார்.

"நீங்கதான் அனுப்பினதுன்னா நிபந்தனை மீறல். உரிமம் ரத்து, கருவி பறிமுதல்," என்றார் மேலதிகாரி. "நீங்க இல்லேன்னா, ஒரு கையெழுத்து போதும்."

எழுதி வைத்திருந்த வாசகத்தை டாக்டரம்மா இரண்டு தரம் படித்தார். 'மேற்படி துல்லியத்துக்கும் எனக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.' போட்டார்.

அன்று சாயங்காலம் அக்காவே கூப்பிட்டார்.

"பயப்படாதேடி, உன் பேரை நான் காப்பாத்திட்டேன். ஆனா ஒண்ணு சொல்லணும். அந்தத் திருட்டுப் பய என்னமா அனுப்பறான் தெரியுமா! ஒவ்வொரு எழுத்தும் கோடு போட்ட மாதிரி. அவனைப் பார்த்தாவது கத்துக்கோயேன்."