கேமராவில் ஒட்டிய மஞ்சள் ஸ்டிக்கர்

பள்ளிக்கூடத்தோடு படிப்பை முடித்தவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன். கட்டுரை எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். இந்தக் கதையை என் மனைவி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாள். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில், ஷிப்டுக்குள் நுழையும்போது செல்போனின் முன் கேமராவிலும் பின் கேமராவிலும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். உள்ளே யாரும் படம் எடுக்கக் கூடாது. என் பக்கத்து மெஷினில் இருந்த முருகன் திருநெல்வேலிக்காரன். தன் சாப்பாட்டில் பாதியை என் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் தான் சாப்பிடுவான். ஒருநாள் அவன் போனில் ஸ்டிக்கர் இல்லை. உரித்துவிட்டான் என்று வேலையை விட்டு நீக்கினார்கள். வேர்வையில் தானாக விழுந்தது என்று அவன் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. எனக்கும் அப்படி விழுந்ததுண்டு. தொழிலாளர் நீதிமன்றத்தில் அவனுக்கு ஒரே சாட்சி நான்.

"கோர்ட்டுக்கு வர வேண்டாம் அண்ணாச்சி. இப்பம்லாம் வீடியோலயே சொல்லிரலாம்" என்றான். கூண்டில் ஏற வேண்டாம் என்றதும்தான் சம்மதித்தேன். (கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தவன் நல்லா இருக்கணும் என்று அன்றைக்கு வாழ்த்தினேன்.)

பிள்ளைப்பாக்கத்தில் என் வீட்டில், தலைக்கு எண்ணெய் வைத்து, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்தேன். கீழே லுங்கி. (கீழே யார் பார்க்கப் போகிறார்கள்?)

"சாட்சி முகம் தெரியலையே" என்றார் நீதிபதி.

டியூப் லைட் போட்டேன். ஜன்னலோரம் போனேன். வாசலுக்கே போனேன். இருட்டுதான். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"போன்ல ஏதாவது ஒட்டியிருக்கா பாருங்க" என்றார் முருகனின் வக்கீல்.

வேலை முடிந்ததும் எல்லோரும் ஸ்டிக்கரை உரித்துப் போடுவார்கள். என்னை யார் படம் பிடிக்கப் போகிறார்கள் என்று நான் அப்படியே விட்டுவிடுவேன்.

"ஆமாங்கய்யா. நேத்து ஷிப்டுல ஒட்னது."

கம்பெனி வக்கீல் சிரித்தார். "தானா விழும்னு எழுதிக் குடுத்தவர் இவர்தான். நேத்து ஒட்டினது இன்னும் விழலையே."

திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் முருகன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குக் கை வேர்த்துக் கொட்டியது. கட்டைவிரலுக்கு அடியில் ஸ்டிக்கர் மெல்ல நகர்ந்து மடியில் விழுந்தது. கோர்ட் திரை முழுக்க எண்ணெய் வழியும் என் முகம்.

"வுழுந்துடுச்சுங்கய்யா. தானா."

"உரிச்சுட்டுச் சொல்றார்" என்றார் கம்பெனி வக்கீல்.

அது விழுந்ததை அங்கே யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய கேமராவைத்தானே அது மூடியிருந்தது.

அடுப்படியிலிருந்து என் மனைவி கரண்டியோடு வந்துவிட்டாள். "நான் பாத்துக்கினுதான் இருந்தேன் சார். தானாதான் வுழுந்துது. இவரு இன்னாத்துக்குப் பொய் சொல்லணும்?"

"அது யாரு?" என்றார் நீதிபதி.

"வூட்ல, ஐயா" என்று பதறி எழுந்தேன். லுங்கியையும் கோர்ட் பார்த்தது.

நீதிபதி வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். "சாட்சி சொல்றப்போ பக்கத்துல யாரும் இருக்கக் கூடாதும்மா." பிறகு என்னிடம், "நாளைக்கு அந்த போனோட நேர்ல வாங்க" என்றார்.

வேலை திரும்பக் கிடைத்து, சில வருஷம் என் பக்கத்திலேயே இருந்துவிட்டு முருகன் ஊரோடு போய்விட்டான். சாப்பாட்டு மணி அடித்தால் இன்றும் டப்பாவைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் தட்டு உடைந்தாலும் சரி, டம்ளர் உருண்டாலும் சரி, "தானா வுழுந்துது சார்" என்பாள் மனைவி. வழக்கை ஜெயித்துக் கொடுத்தது அவள்தானாம்.

அந்த வீடியோ சாட்சிக்கு மறுநாள் நான் கூண்டில் ஏறினேன். கம்பெனி வக்கீலே புது ஸ்டிக்கரை அழுத்தி ஒட்டி போனை என் கையில் கொடுத்தார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவர் கேள்வியை முடிப்பதற்குள் ஸ்டிக்கர் தரையில் கிடந்தது.