நாலடி வளர்ந்த படகு

பச்சைப் பெயிண்ட் போதவில்லை.

"இன்னும் நாலடி பாக்கி கீது சார்," என்று காலி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினான் சின்னையன். கிளப்பில் படகுகளைப் பார்த்துக்கொள்கிற ஆள் அவன். "பழைய போட்டுக்கு ஒரு டப்பா கரெக்டா இருந்துச்சி. இது பதினாறு அடி. அதே டப்பா எப்டி சார் பத்தும்?"

"மெதுவாப் பேசுடா," என்றார் வெங்கடராகவன். சுற்றிலும் மணலைத் தவிர யாரும் இல்லை.

வெங்கடராகவன் செங்கல்பட்டு கோர்ட்டில் பேர் வாங்கிய வக்கீல். கூண்டில் ஏறிய சாட்சியை அழவைக்காமல் இறக்கமாட்டார். வீட்டில் மனைவி சாவித்ரி "எங்கே போயிருந்தேள்?" என்று கேட்டால் மட்டும் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல், மகாபலிபுரத்துக்கு வடக்கே கழியோரம் இருந்த பாய்ப்படகு கிளப்புக்கு வந்துவிடுவார். அவருடைய பன்னிரண்டடிப் படகில் காலை நீட்ட முடியாது. பந்தயத்தில் ஏழு வருஷமாக அதுதான் கடைசி.

கொஞ்சம் பெரிய படகாக இருந்தால் கால்வாய் வழியே சதுரங்கப்பட்டினம் வரை போய் வரலாம். பந்தயத்திலும் ஒருவனையாவது முந்தலாம். ஆனால் படகு பெரிதானால் மனுஷனுக்குக் கடலில் இறங்கத் தோன்றும் என்பது சாவித்ரியின் பயம். போன வருஷம் சிங்கப்பெருமாள் கோயில் சன்னதியில் அவரை நிறுத்தி, இதற்குமேல் ஒரு அடிகூடப் பெரிதாக வாங்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருந்தாள்.

தை மாதம் சீமைக்குத் திரும்பிய ஒரு துறைமுகத்து வெள்ளைக்காரர் பதினாறடிப் படகை விற்றார். வெங்கடராகவனுக்குச் சத்தியம் மறந்துபோயிற்று. வாங்கிவிட்டார். பழைய படகைப் பழவேற்காட்டுப் பக்கம் தள்ளிவிட்டார். புதுப் படகுக்கும் அதே பச்சை, அதே வெள்ளைக் கோடு, அதே 'சாவித்ரி' என்ற பேர். நாலடிதானே, யாருக்குத் தெரியப்போகிறது?

இன்று பதினோரு மணி பஸ்ஸில் சாவித்ரி வருகிறாள். மகாபலிபுரம் கடையில் அந்தப் பச்சை இல்லை, கிளிப்பச்சைதான் இருந்தது. சின்னையன் அதை அடித்து முடித்தபோது, எவ்வளவு நீளம் கூடியிருக்கிறது என்று அளந்து காட்டினாற்போல் பின்பக்கம் நாலடி பளிச்சென்று நின்றது.

சாவித்ரி டிபன் காரியரைக் கீழே வைத்துவிட்டுப் படகை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"ஏன்னா, படகு வளர்ந்திருக்காப்போல இருக்கே?"

"மரமில்லையா? தண்ணியில ஊறினா உப்பும்."

"நம்மாத்துக் கொல்லைக் கதவும் மழையில ஊறித்து. அகலமாத்தானே ஆச்சு? நீளலையே."

"அது மாமரம். இது தேக்கு."

"ஓ. பின்பக்கம் மட்டும் ஏன் கிளிப்பச்சையா இருக்கு?"

"அந்தப் பக்கந்தான் வெயில் படறது."

"வெயில் பட்டா வெளுக்கும்னு நினைச்சிண்டிருந்தேன்," என்றாள் சாவித்ரி யோசனையோடு.

வக்கீல் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். சின்னையன் பாயைச் சுருட்டுகிற சாக்கில் முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டான்.

"சரி, சின்னப் படகுதானே. என்ன பயம்?" என்று சாவித்ரி ஏறி உட்கார்ந்தாள். அடுத்த ஞாயிறு பெரியம்மா பர்வதத்தையும் கூட்டிவந்தாள். பர்வதம் பேருக்கேற்ற ஆகிருதி. அவளும் ஏறினாள், படகு அசையவில்லை.

"ரெண்டு பேருக்கே இடமில்லைம்பேளே?"

"இத்தனை நாளா உக்காரத் தெரியாம உக்காந்திருக்கேன்," என்றார் வெங்கடராகவன்.

வீட்டுத் தொல்லை இப்படி என்றால் கிளப்பில் இன்னொன்று இருந்தது. சின்னப் படகுகளுக்குப் பந்தய நேரத்தில் சலுகையாகச் சில நிமிஷங்களைக் கழித்துக்கொள்வார்கள். பன்னிரண்டடிக்குப் பத்து நிமிஷம், பதினாறடிக்கு மூன்றுதான். படகு மாறியதைச் சொன்னால் கிளப்பின் மாதப் பட்டியலில் அச்சாகி வீட்டுக்கு வரும். தபாலைப் பிரிப்பவள் சாவித்ரி. அதனால் அவர் வாயைத் திறக்கவில்லை. கடைசியாக வருகிறவனுக்குப் பத்து நிமிஷமானால் என்ன, மூன்று நிமிஷமானால் என்ன?

பங்குனிப் பந்தயத்தன்று காற்று பேயாக அடித்தது.

"பெரியம்மாவையும் அழைச்சிண்டு போங்கோ. ஆசைப்படறா," என்றாள் சாவித்ரி. இடமில்லை என்று சொல்லும் உரிமையை அவர் என்றோ இழந்துவிட்டிருந்தார்.

மற்றப் படகுகள் சாய்ந்தன. இரண்டு கவிழ்ந்தன. பலர் பயந்து பாயை இறக்கினார்கள். 'சாவித்ரி'யில் மட்டும், காற்று வந்த பக்கமாகப் பர்வதம் சீடை தின்றுகொண்டு நகராமல் உட்கார்ந்திருந்தாள். படகு நிமிர்ந்தபடியே பறந்தது. எல்லையைத் தொட்டபோது அவர் இரண்டாவது. கிளார்க் ராஜேந்திரன் சலுகையைக் கழித்து எழுதிக் கொடுத்த சீட்டைக் காரியதரிசி வாசித்தபோது அவர் முதலாவது.

கப்பைக் கையில் வாங்கியதும் வெங்கடராகவனுக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த நிமிஷமே அந்தப் பத்து நிமிஷச் சலுகை நினைவுக்கு வந்தது.

"சார், இது அநியாயம்!" என்று கிளம்பினார் உலகநாதன். தண்ணீரில் முதலில் வந்த ஓவர்சீயர் அவர். "இது பழைய போட்டே இல்ல. பதினாறு அடி இருக்கும். பன்னெண்டு அடி சலுகைய வாங்கிக்கினு கப்பத் தூக்கினு போவப் பாக்குறாரு. கேக்க ஆளில்லையா?"

காரியதரிசி, படகுகளின் அளவு எழுதிய ரிஜிஸ்தரைக் கொண்டுவரச் சொல்லி ராஜேந்திரனை உள்ளே அனுப்பினார்.

கூட்டத்திலிருந்து சாவித்ரி எழுந்தாள்.

"எங்காத்துக்காரரைத் திருடன்னா சொல்றேள்? அவர் வாயில பொய்யே வராது. எத்தனை அடின்னு அவரையே கேளுங்கோ. அவர் சொல்றதுதான் சரி." பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்கோன்னா."

இருபது வருஷத் தொழிலில் தன் பக்கத்துச் சாட்சியைக் கண்டு வெங்கடராகவன் இப்படி நடுங்கியதில்லை. பன்னிரண்டு என்றால் அவள் நம்பிவிடுவாள். அப்புறம் டேப்பை வைத்து அளப்பார்கள். தன்னை நம்பி எழுந்து நிற்கிறவளைப் பார்த்து ஊரே சிரிக்கும். கப்பு போனால் போகட்டும், அதை மட்டும் அவரால் தாங்க முடியாது.

"பதினாறு அடி," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். "பதினாறு. தையில வாங்கினேன். கிளப்புல சொல்லலை. இவகிட்டயும் சொல்லலை, சன்னதியில பண்ணின சத்தியத்தை மீறிட்டேன். சாவித்ரி, மரம் ஊறினா நீளாது. கப்பு எனக்கு வேண்டாம்."

சாவித்ரி தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவரையே பார்த்தாள். உலகநாதன் கையை நீட்டினார். வெங்கடராகவன் கப்பை அதில் வைத்தார்.

அப்போதுதான் தடித்த ரிஜிஸ்தரோடு ராஜேந்திரன் மூச்சு வாங்க ஓடிவந்தான்.

"இன்னா சார், கப்ப ஏன் அவராண்ட குடுத்துட்டீங்கோ? இதுல பதினாறுன்னுதானே எழுதிக்கீது, அந்த மூணு நிமிசத்துலதான் நீங்க ஜெயிச்சதே! மாசி மாசமே அம்மா டேப்போட வந்து அளந்து, கையெழுத்தும் போட்டுட்டு, பட்டியல்ல போடக்கூடாது, நீங்களா வாயத் தொறந்து சொல்ற வரிக்கும் மூச்சு வுடக்கூடாதுன்னு சொல்லிக்கினு போனாங்க!"